சௌமியாவா, சவுமியாவா, செளமியாவா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண் குழந்தைகளுக்கான பெயர்ப் பட்டியலைத் தங்கள் இதழில் பார்த்தேன். சௌமியா, சௌம்யா, சவுமியா என ஒரே பெயர் மூன்று பெயர்களைப்போல மூன்று இடத்தில் அச்சாகியிருக்கிறது. எது பிடிக்கிறதோ அதை வைக்கலாம் என்ற குறிப்பு வேறு. வைக்கலாம்தான், எதை வைத்தால் பின்னால் எங்கே இடிக்கும் என்பதையும் நாலு வரி சொல்லியிருக்கலாம்.

சவுமியா, கவுரி, சவுந்தர்யா என்பதெல்லாம் நாளிதழ்கள் பழக்கிய எழுத்து. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய வடிவங்களைத்தான் மாற்றியது. ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிடவில்லை. பிள்ளை பள்ளியில் ஔ படிக்கத்தான் போகிறாள். எனவே என் ஓட்டு சௌ-வுக்கு. அடுத்தது ம்யாவா, மியாவா? ம்ய என்ற மயக்கத்துக்கு, அதாவது ம்-ஐ அடுத்து ய வருவதற்கு, இலக்கணத்தில் தடை இல்லை. ஆனால் பேசும்போது நடுவில் ஓர் இகரம் தானாகவே நுழைந்துவிடுகிறது. கேட்டு எழுதுபவர் 'மியா' என்றுதான் எழுதுவார். ஆகவே சௌமியா.

வில்லங்கம் இதற்குப் பிறகுதான். கணினியில் சௌ என்பது ச-வோடு ஔகாரக் குறி சேர்ந்த ஓரெழுத்து. அந்தக் குறி எந்த விசையில் இருக்கிறது என்று தெரியாத தட்டச்சர், செ அடித்துப் பக்கத்தில் ள போட்டுவிடுவார். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ அது செ-ள-மியா. தேடினால் பெயர் கிடைக்காது. எழுத்தைக் குரலாக்கும் செயலி 'செ-ள-மியா' என்று பிரித்தே வாசிக்கும். அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: சவுமியா சரண்யாவுக்குப் பின்னால் நிற்பாள், செ-ள-மியா செல்விக்குப் பின்னால், சௌமியா சோபனாவையும் தாண்டி. கௌசல்யா, மௌனிகா, கௌரி எல்லோருக்கும் இதே கதிதான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அடித்த பெயரில் மி-க்கு முன்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு (பேக்ஸ்பேஸ்) விசையை ஒருமுறை தட்டினால், சரியாக அடித்திருந்தால் பெரும்பாலும் ச மிஞ்சும். செ மிஞ்சினால் தப்பு.

ஆங்கிலத்தில் இந்த ஔ-வுக்கு ஏ-யு, ஓ-யு, ஓ-டபிள்யூ என மூன்று வழி. ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளில் ஏ-யு அடித்தால் ஔ ஒழுங்காக வரும். ஆனால் ஆங்கிலம் படித்த வாய் அதைச் 'சாமியா' என்று வாசிக்கக்கூடும். ஓ-யு 'சூமியா'வில் கொண்டுபோய் விடலாம். தமிழ்நாட்டில் பரவலாக இருப்பது ஓ-டபிள்யூ; நம் ஊரில் எவரும் அதைத் தடுமாறாமல் வாசிப்பார்கள். அதிலும் குறை உண்டு: ஆங்கிலத்திலிருந்து கணினி தானாகத் தமிழாக்கும் பட்டியல்களில் அது 'சொவ்மியா' ஆகிவிடலாம். இருந்தாலும் அதையே சொல்வேன். தமிழில் மியா என்றால் ஆங்கிலத்திலும் எம்முக்கும் ஒய்க்கும் நடுவே ஐ இருக்கட்டும். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிய தமிழக அரசே சில நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்தைக் கொண்டு தமிழ் ஒலியை முழுசாகப் பிடிப்பது ஆகிற காரியமில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே தர வேண்டிய கட்டாயமில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. சேர்த்தபின் எழுத்துப்பிழை திருத்தம் உண்டே தவிர, மனம் மாறிவிட்டது என்று பெயரை மாற்ற வழியில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், இதில் விழும் எழுத்து எல்லா இடத்துக்கும் போகும். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு இரண்டு வாய்ப்புத்தான். எனவே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தமிழில் ஒரு வரி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு வரி தாளில் எழுதிக் கொடுத்து, சான்றிதழ் அச்சாகும் முன் திரையில் காட்டச் சொல்லி, இரண்டு வரியையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் இன்னொரு ஏ கூட்ட நினைப்பவர்கள், அதையும் பெயரைப் பதியும் முன்பே கூட்டிவிடுவது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபின் கூட்டினால் அந்த ஓர் எழுத்துக்காக அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
மன்னார்குடி.