பிச்சாட்டூர் ஷட்டர் திறந்தால் ஊத்துக்கோட்டைக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடக்கும் ஆய்வுக் கூட்டங்களில் மணல் மூட்டை, ஜெனரேட்டர், படகு எல்லாம் கணக்கெடுக்கப்படுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லை ஊர்களுக்கு அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். ஆந்திரத்தில் ஆரணி ஆற்றின் குறுக்கே உள்ள பிச்சாட்டூர் அணையில் ஷட்டரைத் தூக்கினால், கீழே ஊத்துக்கோட்டையில் அந்த ஆற்றோரம் குடியிருப்பவருக்கு யார், எவ்வளவு நேரத்தில் சொல்வார்கள்?

2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். அவருக்கு மேல் மாநில ஆணையம். அதற்கும் மேல் பிரதமர் தலைமையிலான தேசிய ஆணையம். இந்த ஏணியில் ஏறி இறங்கலாம், பக்கத்து மாநிலத்துக்குத் தாண்டுவதுதான் சிரமம். அணைப் பொறியாளர் தம் மாவட்டக் கலெக்டருக்குச் சொல்லி, அங்கிருந்து நம் கலெக்டர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், வி.ஏ.ஓ. என்று இறங்கி, கடைசியில் தண்டோரா போடுவதற்குள் தண்ணீர் ஊத்துக்கோட்டைக்குச் சற்று மேலே உள்ள சுருட்டப்பள்ளியைத் தாண்டிவிட்டால் அந்த எச்சரிக்கையால் யாருக்குப் பயன்? ஆந்திரத்தின் இன்னொரு அணையான கிருஷ்ணாபுரம் திறந்து பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும்போதும் இதே நிலைதான்.

வருகிற செய்தியும் முழுமையாக இருப்பதில்லை. "உபரிநீர் திறப்பு, கரையோர மக்கள் எச்சரிக்கை" என்றால் என்ன செய்வது என்று தெரியாது. எத்தனை கன அடி, திறந்த நேரம் என்ன, இன்னும் கூட்டுவார்களா, எந்தத் தரைப்பாலத்துக்கு எத்தனை மணிக்கு வரும், இந்த நான்கும் வேண்டும். சில நூறு கன அடிக்கும் பல ஆயிரம் கன அடிக்கும் ஒரே வாசகம் வந்தால், அடுத்த முறை மக்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

செல்போன் எச்சரிக்கையிலும் ஓர் ஓட்டை. தேசிய ஆணையத்தின் 'சசேத்' முறையில் குறித்த பகுதியின் டவர்களோடு இணைந்த போன்களுக்குச் செய்தி போகிறது. எல்லையில் போன் ஆந்திர டவரைப் பிடித்திருந்தால் திருவள்ளூருக்கான எச்சரிக்கை தவறிப் போகலாம்; தெலுங்கில் வந்தால் படிக்கத் தெரியாதவர் பலர். எச்சரிக்கைப் பகுதியை மாவட்ட எல்லைப்படி வரையாமல் ஆற்றுப் போக்கின்படி வரையலாம், தொழில்நுட்பம் இடம் கொடுக்கிறது. பிச்சாட்டூரிலிருந்து பெரியபாளையம் வரை ஒரே பகுதியாக வரைந்து, இரண்டு மொழியிலும் அனுப்பட்டும்.

மீட்புப் படைக்குத் தட்டுப்பாடு இல்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. பொறியாளர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர் அடங்கிய 45 பேர் ஒரு குழு. ஆனால் தரைப்பாலம் மூழ்கியபின் கோரிக்கை அனுப்பினால் படகு ஏற்றிய லாரி அக்கரையிலேயே நிற்கும். ஆகவே சிவப்பு எச்சரிக்கை வந்த உடனேயே, ஆற்றின் இரு கரையிலும் படகோடு ஆட்களை நிறுத்தும்படி மாநில அரசு கேட்க வேண்டும்.

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் வரும் அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டமும் வெள்ளம் சூழும் பகுதி வரைபடமும் வேண்டும் என்கிறது. அந்த வரைபடம் மாநில எல்லைக்கோட்டில் முடிந்துவிடக் கூடாது. நம் பக்கத்து வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகங்களிலும் அதன் நகல் தமிழில் தொங்க வேண்டும்.

தேசிய ஆணையம் இரு மாநிலங்களையும் உட்கார வைத்து ஒரு நடைமுறையை எழுத்தில் கொண்டுவர வேண்டும். ஷட்டரைத் தூக்குமுன் அணைப் பொறியாளர் தம் கலெக்டருக்குச் சொல்லும் அதே நிமிடத்தில் ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு வட்டாட்சியர்களுக்கும் நேரடியாகச் சொல்ல வேண்டும். "கிடைத்தது" என்று பதில் வரும்வரை அழைப்பதை நிறுத்தக் கூடாது. பருவமழைக்கு முன் ஒரு நாள், நள்ளிரவில், முன்னறிவிப்பின்றி இதை ஒத்திகை பார்க்க வேண்டும். செய்தி கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தையும் குறித்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர்கள் சிலர்,
ஊத்துக்கோட்டை வட்டம்.