மாட்யூல் எழுதும் நண்பர்களுக்கு, கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்திலிருந்து

வணக்கம். பழைய கதை உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இணையவழி போன் அழைப்புகளைக் கையாளும் உங்கள் சிப் (SIP) சர்வரில் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்று கட்டுப்படுத்தும் ஃபங்ஷன், சர்வரின் சொந்த கான்ஃபிக் ஃபைலில் அருமையாக ஓடுகிறது, அதையே லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியிலிருந்து கூப்பிட்டால் 'அட்டெம்ப்ட் டு கால் எ நில் வேல்யூ', அதாவது அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை, என்று நிற்கிறது. ஏற்கனவே இருப்பதை ஸ்கிரிப்டுக்கும் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இங்கே ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் போன் லைனைப் பார்த்துக்கொள்கிறேன். சீசனில் ராத்திரி பதினொன்றுக்கும் தோத்தாபுரி லோடு வாசலில் வரிசை கட்டி நிற்கும், டோக்கன் எப்போது வரும் என்று எல்லோரும் ஒரே நம்பருக்கு அடிப்பார்கள். லுவா என்றால் ஸ்கிரிப்டை மட்டும் ரீலோட் செய்தால் போதும். ஆனால் இந்த ஒரு ஃபங்ஷனுக்காக லுவா ஒரு வேரியபிளில் 1 என்று எழுதிவிட்டு வெளியே வர, கான்ஃபிக் அதைப் பார்த்து ஃபங்ஷனைக் கூப்பிட்டு, விடையை இன்னொரு வேரியபிளில் வைத்து, மறுபடி லுவாவுக்குள் போகவேண்டும். போன வாரம் அந்தச் சுற்றில் ஒரு வரி தப்பு. கான்ஃபிக்கைத் தொட்டால் சர்வரையே நிறுத்தி ஏற்றவேண்டும். ஏறி வருவதற்குள் அடித்த யாருக்கும் லைன் போகவில்லை. டிராக்டரில் பழம் கனிந்துகொண்டிருக்க, ஒரு பெரியவர் ஆலை வாசலுக்கே வந்து போனை நீட்டி, "உங்க நம்பர் செத்துப்போச்சா தம்பி?" என்றார்.

சோர்ஸைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உண்மையான வேலையைச் செய்யும் சி மொழி ஃபங்ஷன் தனியாகத்தான் இருக்கிறது, கான்ஃபிக் அதைக் கூப்பிடுவதற்காக மேலே ஒரு சின்ன உறை (ராப்பர்) போட்டிருக்கிறீர்கள். ஸ்கிரிப்டுக்கும் அதேபோல ஒன்று, அப்புறம் வெளியே திறந்துவிடும் ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட் அட்டவணையில் பெயர், திரும்பும் வகை, பாராமீட்டர் வகை என்று ஒரு வரி. கமைலியோ என்ற சிப் சர்வர் 2017-இல் 5.0 வெளியிட்டபோது கெமி என்ற பெயரில் இதைத்தான் செய்தது: மாட்யூல் ஒருமுறை பதிவு செய்துவிட்டால் லுவாவும் பைத்தானும் அதே ஃபங்ஷனைக் கூப்பிடலாம், பின்னால் ஜாவாஸ்கிரிப்ட், ரூபி சேர்ந்தபோது அதே பதிவு அவற்றுக்கும் உதவியது.

அந்த உறையை நானே எழுதிப் போன சீசனிலேயே அனுப்பினேன், நாற்பது வரிகூட இல்லை. இந்த சீசனும் முடியப்போகிறது. 'பார்க்கிறோம்' என்ற ஒற்றை வார்த்தையைத் தாண்டிப் பதில் இல்லை. நடுவில் லோகோ மட்டும் இரண்டுமுறை மாறியது, நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் தென்பெண்ணை ஓடியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் 2013-இல் வரும்வரை ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறிய ஊர்க்காரன் நான், காத்திருப்பது பழக்கம்தான். அங்கேயாவது தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. இங்கே என்ன மேடு?

சரி, வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஃபங்ஷனையும் ஒரே நாளில் கேட்கவில்லை. கான்ஃபிக்கில் ஓடுகிற இந்த ஒன்றை மட்டும் அடுத்த வெளியீட்டில் லுவாவுக்கும் திறந்துவிடுங்கள். நான் அனுப்பிய அந்தத் திருத்தம் (பேட்ச்) இப்போதைய வெர்ஷனிலும் பொருந்துகிறது, நேற்று ராத்திரிதான் போட்டுப் பார்த்தேன்.