ஆறு கிலோமீட்டருக்குள் மாறிப்போன படிப்பு

மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாறினாள். வீடு மாறியதுதான் காரணம். பழைய பள்ளிக்கும் புதிய பள்ளிக்கும் ஆறு கிலோமீட்டர் தூரம். மாவட்டம் அதேதான், பாடப்புத்தகமும் அதேதான்.

பழைய பள்ளியில் கணக்குக்கு ஆசிரியர் இல்லாததால் மொழி ஆசிரியரே அதையும் பார்த்துக்கொண்டார். பாவம், அவரால் பின்னங்களைத் தாண்ட முடியவில்லை. புதிய பள்ளியில் சமன்பாடுகளையே முடித்துவிட்டார்கள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து, "எக்ஸ்னா என்னப்பா?" என்று கேட்டாள். சரி, நல்ல பள்ளிக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அறிவியலில் கதை தலைகீழ். அங்கே லிட்மஸ் தாளைக் கையில் பிடித்து நிறம் மாறுவதைப் பார்த்தவள், இங்கே அதே சோதனையைக் கரும்பலகையிலிருந்து எழுதி மனப்பாடம் செய்கிறாள். ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது மதிப்பெண். இரண்டு பள்ளியிலும் அவளுக்கு நல்ல மதிப்பெண்தான். நடத்திய பாடத்திலிருந்து மட்டும் அந்தந்தப் பள்ளியே கேள்வி கேட்டால் விட்டுப்போனது எப்படித் தெரியும்? முன்னேற்ற அறிக்கையைப் பார்க்கும் பெற்றோருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உயர்வகுப்புக்குப் போய்த் திணறும்போது பிள்ளைக்குத்தான் தெரியும். அப்போது அவள் தன்னையே மக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

1995-இல் பல நாடுகளின் மாணவர்களிடம் கணிதமும் அறிவியலும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று ஆராய்ந்த 'டிம்ஸ்' ஆய்வு, பாடத்திட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது: ஏட்டில் இருப்பது, வகுப்பில் நடப்பது, மாணவரிடம் போய்ச் சேர்வது. நம் அலுவலகங்கள் முதலாவதை மட்டும் பார்க்கின்றன. எல்லாப் பள்ளிக்கும் ஒரே புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம்.

ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிகளுக்கு மாற்றுகிறார்கள். நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுவதை அது ஓரளவு தடுக்கிறது. அப்புறம், ஒருவர் பாடம் நடத்தச் சக ஆசிரியர்கள் உட்கார்ந்து கவனித்து, பிறகு கூடிப் பேசுகிற பழக்கமும் அங்கே உண்டு. இதற்குப் பெரிய செலவு வேண்டாம், நேரம் ஒதுக்கினால் போதும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்கள் மாதம் ஒரு நாள் ஒன்றாக உட்காரவாவது நீங்கள் வழி செய்யலாம்.

ஒவ்வொரு பருவமும் எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் உண்மையில் நடந்தது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதை எழுதி வாங்குங்கள். எங்களுக்கும் காட்டுங்கள். தயவுசெய்து அதைப் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் எல்லோரும் 'நடத்தி முடித்தாயிற்று' என்றே எழுதுவார்கள். குறை எழுதும் தலைமையாசிரியருக்குத் திட்டு விழக்கூடாது, ஆசிரியர் கிடைக்க வேண்டும்.

அடுத்த பருவம் தொடங்குமுன் பழைய பள்ளிக்கு ஒரு கணக்கு ஆசிரியரை அனுப்புங்கள். மகளோடு படித்த பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே அந்த ஆய்வகத்தின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பள்ளிகளையும் பார்த்த ஒரு தகப்பன்