45 நாள் சட்டம் மார்ச் மாசத்துக்கு மட்டும்தானுங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சிறுதொழில் பண்றவங்க வரியை எப்படி பிளான் பண்ணணும்னு வர்ற கட்டுரைகளை நான் விடாம படிக்கிறவன். பில்லை ஒழுங்கா போடுங்க, ரிட்டர்னை டைமுக்கு தாக்கல் பண்ணுங்க, ரொக்கத்துல குடுக்கல் வாங்கல் வேண்டாம், இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்றாங்க. சரிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா போட்ட பில்லுக்கு பணம் எப்ப வருதுன்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க. எங்களை மாதிரி திருப்பூர்ல தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட்காரங்களுக்கு வரிப் பிரச்சனையே அங்கதானுங்க இருக்குது.

கணக்கு போட்டே சொல்றேன். ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு 2 லட்ச ரூபாய்க்கு தைச்சுக் குடுக்கறோம்னு வைங்க, துணி அவங்களோடது, மிஷின், ஆள், கரண்டு எல்லாம் நம்மளோடது. ஜிஎஸ்டி 5 பர்சன்ட், 10,000 ரூபாய், அதையும் சேத்து பில் போட்டாச்சு. மாசாமாசம் ரிட்டர்ன் போடறவங்களா இருந்தா மறு மாசம் 20ஆம் தேதி அந்த 10,000 கட்டியே ஆகணும், பார்ட்டி பணம் குடுத்தானா இல்லையான்னு போர்ட்டல் கேக்காது. நூல், ஊசி, வாடகைன்னு நமக்கு கிடைக்கற கிரெடிட் (வாங்கறப்ப குடுத்த ஜிஎஸ்டியை கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கறது) கொஞ்சம்தான், ஏன்னா எங்க செலவுல பெரும்பங்கு கூலி, கூலிக்கு ஏது கிரெடிட். லேட்டானா ஒரு நாளைக்கு 50 ரூபா ஃபீஸ், அதுபோக வருஷத்துக்கு 18 பர்சன்ட் வட்டி.

அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னா, நாம ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை ரிட்டர்ன்ல பில்லை ஏத்தினா போதும், அது அவங்க 2பி-ல (அவங்களுக்கு கிடைக்கற கிரெடிட்டை போர்ட்டல் காட்டற மாசாந்திர பட்டியல்) போய் உக்காந்துரும், எங்களுக்கு ஒத்தை ரூபா குடுக்காமயே அந்த 10,000 ரூபாய் கிரெடிட்டை எடுத்துக்கலாம். எக்ஸ்போர்ட்டரா இருந்தா அதை ரீஃபண்டா பணமாவே வாங்கிக்கலாம். 180 நாளைக்குள்ள பில்லுக்கு பணம் குடுக்கலைன்னா எடுத்த கிரெடிட்டை திருப்பிக் கட்டணும்னு ரூல் இருக்குது, அதாவது ஆறு மாசம் எங்க காசை வெச்சு அவங்க ஓட்டலாம்னு சட்டமே டைம் குடுத்திருக்குது. சனிக்கிழமையானா சம்பளம் போடணும், அன்னைக்கு டெய்லர்கிட்ட போய் பார்ட்டி இன்னும் குடுக்கலைன்னு சொல்ல முடியுமா.

சரி, இதுக்குத்தான் 45 நாள் சட்டம் வந்துச்சேன்னு கேப்பீங்க. உத்யம்ங்கற அரசாங்க சிறுதொழில் பதிவு உள்ள மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், அதுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்துலயே இருக்குது. குடுக்கலைன்னா அந்த செலவை இன்கம்டாக்ஸ் கணக்குல கழிக்க விடமாட்டோம்னு 2024 ஏப்ரல் 1 முதல் 43பி(எச்)-ங்கற பிரிவைக் கொண்டு வந்தாங்க. அப்ப எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

ஓட்டை எங்கன்னா, செலவை எந்த வருஷம் பணமா குடுக்கறாங்களோ அந்த வருஷம் கழிச்சுக்கலாம்னுதான் அந்தப் பிரிவு சொல்லுது. அப்படீன்னா மே மாசம் போட்ட பில்லுக்கு அடுத்த மார்ச் 31க்குள்ள பணம் குடுத்தா அவங்களுக்கு வருமான வரியில ஒரு நஷ்டமும் இல்லை, பத்து மாசம் இழுத்தாலும் முழுக் கழிவு உண்டு. மாட்டறது வருஷக் கடைசியில கெடு தாண்டி பாக்கி நிக்கற பில் மட்டும்தான். அதனாலதான் மார்ச் கடைசி வாரம் மட்டும் பார்ட்டி ஆபீஸ்ல அக்கவுன்டன்ட் தானா போன் பண்ணி அண்ணே உங்க பேங்க் டீடெயில் அனுப்புங்கன்னு கேக்கறாரு, மத்த பதினோரு மாசம் நாம போன் பண்ணா முதலாளி வெளியூர் போயிருக்காரு.

அந்த மார்ச்சையும் சில பேர் விடறதில்ல. "இந்த லாட்டுக்கு ஏப்ரல் தேதி போட்டு பில் குடுங்க"ம்பாங்க. வேலை முடிச்சு 30 நாளைக்குள்ள பில் போடணும்ங்கறது ஜிஎஸ்டி ரூல், அதை மீறி தேதியை மாத்தினா நோட்டீஸ் வர்றது நமக்கு. இன்னும் சிலர் உத்யம் சர்டிபிகேட்டையே கேன்சல் பண்ணிட்டு வாங்க, அப்பத்தான் ஆர்டர்ங்கறாங்க. பட்டன், லேபிள் வாங்கி விக்கற கடைக்காரங்க நிலைமை இன்னும் மோசம், அவங்க டிரேடர்ங்கறதால உத்யம் இருந்தாலும் இந்த பாதுகாப்பே கிடையாது.

பாக்கி வராத சின்ன யூனிட்டுக்குன்னு இருக்கற அரசாங்க போர்ட்டல்ல புகார் குடுக்கலாமே, ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டுவட்டி கிடைக்குமேன்னு ஆடிட்டர் சொல்றாருங்க. நெசந்தான். வருஷம் பூரா வேலை குடுக்கற பார்ட்டி மேல புகார் குடுத்துட்டு மறுநாள் யாருக்கு தைக்கறது?

நான் கேக்கறது சலுகை இல்லீங்க. பழைய சர்வீஸ் டாக்ஸ்ல 2012லேர்ந்து ஒரு வசதி இருந்துச்சு, தனிநபரோ பார்ட்னர்ஷிப்போ வருஷத்துக்கு 50 லட்சம் வரைக்கும் பணம் கைக்கு வந்தப்புறம் வரி கட்டினா போதும். ஜிஎஸ்டி வந்தப்ப அதை தூக்கிட்டாங்க. சின்ன யூனிட்டுக்கு மட்டும் அதை திருப்பிக் குடுங்க, பார்ட்டிக்கும் எங்களுக்கு பணம் குடுத்த அன்னைக்குத்தான் கிரெடிட்னு வைங்க. அரசாங்கத்துக்கு ஒரு பைசா குறையாது, ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல கணக்கு முடியும். கிரெடிட் வேணும்னா பணம் குடுத்துத்தானே ஆகணும், அப்புறம் பாருங்க எவ்வளவு சீக்கிரம் செக் வருதுன்னு. 43பி(எச்)-லயும் வருஷக் கடைசியைப் பாக்காம, 45 நாள் தாண்டி குடுத்த தொகையில ஒரு பங்கை எந்த மாசமா இருந்தாலும் கழிக்க விடாதீங்க.

வருமான வரிப் பக்கமும் ஒரு அடி இருக்குது. உத்தேச லாப முறையில (செலவுக் கணக்கு காட்டாம, மொத்த பில் தொகையில ஒரு பங்கை லாபம்னு காட்டறது) போறவங்களுக்கு பேங்க் மூலமா வந்த பணத்துக்கு 6 பர்சன்ட் லாபம் காட்டினா போதும், மத்ததுக்கு 8. ரிட்டர்ன் கெடு தேதிக்குள்ள பார்ட்டி பணம் போடலைன்னா அந்த பில்லுக்கு 8 தான். அவன் இழுத்ததுக்கு நாம 2 பர்சன்ட் லாபம் கூட்டிக் காட்டணும், இதுல டாக்ஸ் பிளானிங் எங்கிருந்து பண்றது.

ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எந்த பொருளுக்கு வரி குறைஞ்சுதுன்னு பெருசா போடறீங்க, வரி கட்டற நாளைப் பத்தியும் ஒரு தடவை நம்ம ஊரு எம்பி-க்கள்கிட்ட கேட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர், திருப்பூர்
(பார்ட்டிகளும் உங்க பேப்பர் படிக்கறதால பேரை போட வேண்டாமுங்க)