3.46

தம்பிக்கு,

ஆலை வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக நேற்று ஒற்றை வரியில் செய்தி அனுப்பினாய். ஏன், யாரால் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். இதை வேறு பலரும் படிப்பார்கள், அம்மாவும் படிப்பாள். அதனால் உன்னை எடுக்காத அந்த இன்வெஸ்ட்மென்ட் பேங்கின் பெயரும், அன்று நீ போனில் கத்திய வார்த்தைகளும் இங்கே வராது.

எனக்கு அந்தச் சின்னக் கட்டம்தான் கண்ணிலேயே நிற்கிறது. பேங்க் இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் ஜிபிஏ, அதாவது நாலுக்கு எடுத்த சராசரி மதிப்பெண், கேட்ட கட்டம். இரண்டு தசமம் வேண்டும் என்றது. 3.46 என்று அடித்தாய், அழித்தாய். 3.50 என்று அடித்தாய். நீ திரையைப் பகிர்ந்திருந்ததால் எல்லாமே எனக்குத் தெரிந்தது. "ரெஸ்யூமேல 3.5னு தானே இருக்கு?" என்றாய். ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 3.46 என்பது 3.5 ஆவது கணக்குப்படி சரிதான், ரெஸ்யூமேயில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். (3.44-ஐ அப்படிப் போட்டால் அது பொய்.) இரண்டு தசமம் கேட்கிற இடத்தில் 3.50 என்பதும் பொய்தான். ஆஃபர் கொடுத்த பிறகு மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சரிபார்ப்பார்கள், எண் ஒத்துப்போகவில்லை என்றால் கொடுத்த ஆஃபரையே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். உள்ளதையே போடு என்றேன். நீ ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு 3.46 என்று அடித்து அனுப்பினாய். அப்படிச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

கேட்க வேண்டியது அதற்கு முந்தைய செமஸ்டருக்கு. தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில், நம் தெர்மோவில், முதல் தேர்வு முடிந்த கையோடு, "விலகிடட்டுமாக்கா?" என்றாய். பாடத்தை விட்டு விலகும் கெடு முடிய அப்போது நாள் இருந்தது. நான்தான் பெரிய மனுஷி மாதிரி அளந்தேன்: இன்ஜினியரிங் மார்க்கைத் தனித் தராசில்தான் நிறுப்பார்கள், தெர்மோவில் சி ப்ளஸ் வாங்கியவனை யாரும் மட்டமாக நினைக்க மாட்டார்கள் என்று. ரெஸ்யூமேயை ஒரு மனிதர் கையில் எடுத்துப் படித்தால் அது உண்மை. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிகிற இடத்தில் முதல் சல்லடைக்கு எண்தான் தெரியும், துறை தெரியாது. பல இடங்களில் 3.5தான் எழுதாத கோடு. கெமிக்கல் இன்ஜினியரிங்கின் 3.46 என்றாலும் வேறெந்தத் துறையின் 3.46 என்றாலும், விழுகிற ஓட்டை ஒன்றுதான்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 48 கிரெடிட்டில் உன் 3.46. நாலு கிரெடிட் தெர்மோவில் வாங்கிய சி ப்ளஸ்ஸை, அதாவது 2.3-ஐ, எடுத்துவிட்டால் மீதி 44 கிரெடிட்டுக்கு 3.57. பட்டியலில் விலகியதைக் காட்ட ஒரு டபிள்யூ நின்றிருக்கும், அவ்வளவுதான். அது ஜிபிஏவில் சேராது. ஒரே ஒரு டபிள்யூவுக்காக யாரும் கதவைச் சாத்துவதில்லை.

ஆனால் விலகியிருந்தால்? தெர்மோ இல்லாமல் அடுத்த பாடங்களை எடுக்க விட மாட்டார்கள், சங்கிலி அறுந்து படிப்பே ஒரு செமஸ்டர் தள்ளிப்போயிருக்கலாம். அதையும் நினைத்துத்தான் சொன்னேன். சரி, அன்றைக்கு முழுக்க அதை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை.

நம்மைக் கவிழ்த்தது காலண்டர். மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டாம் ஆண்டின் பாதியிலேயே விண்ணப்பம் திறந்துவிடுகிறது. முழுநேர வேலையில் பெரும்பகுதி அந்தப் பத்து வார இன்டர்ன்களுக்கே போய்விடும். ஆக, அவர்கள் பார்க்கும் ஜிபிஏ மூன்றே செமஸ்டருடையது. கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, தெர்மோ என்று மாணவர்களைச் சலித்துத் தள்ளவே வைத்த பாடங்கள் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. நாலாம் செமஸ்டரின் 16 கிரெடிட்டில் 3.62 எடுத்திருந்தால் மொத்தம் 3.5 ஆகியிருக்கும். நீ அதற்கு மேலேயே எடுத்தாய். அந்த மார்க் வருவதற்குள் கடை சாத்தியாகிவிட்டது.

எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே. சல்லடையில் விழுந்த பெயரைக் கையால் எடுத்து மேலே வைக்க உள்ளே ஒருத்தர் போதும். உன் கல்லூரியில் படித்து பேங்குகளில் இருப்பவர்கள் முப்பது பேரின் பட்டியலைத் தந்தேன். ஆளுக்கு இருபது நிமிடம் பேசு, வேலை கேட்காதே, அவர்கள் பார்க்கும் வேலையைப் பற்றிக் கேள், விண்ணப்பம் போட்டதும் இரண்டு வரி எழுது என்றேன். நீ பேசியது இரண்டு பேரிடம்! அந்த இரண்டில் ஒன்றுதான் இன்டர்வியூவாக வந்தது. அங்கே யாராவது உன் ஜிபிஏவைக் கேட்டார்களா? தேய்மானம் 10 கூடினால் லாப நஷ்டம், ரொக்க ஓட்டம், இருப்புநிலை என்ற மூன்று கணக்கு அறிக்கையிலும் என்ன மாறும் என்று கேட்டார்கள். வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.5 குறையும், பணமாகப் போகாத 10-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 2.5 ஏறும். வெப்பச் சமநிலைக் கணக்கைத் தூக்கத்தில் போடுகிறவன் நீ, ரொக்கம் 10 குறையும் என்றாய். அதற்கும் தெர்மோவுக்கும் சம்பந்தமில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை. அந்த இன்டர்வியூ முடிந்த ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்ததும் எனக்குத் தெரியும்.

ஆலைக்குப் போ. எரிசக்தி, ரசாயன கம்பெனிகளைக் கவனிக்கும் பேங்கிங் குழுக்களுக்கு ஆலையை உள்ளிருந்து பார்த்தவன் வேண்டியிருக்கும். வேலை பார்த்த பிறகு எம்பிஏ வழியாக பேங்கில் அசோசியேட்டாக, அதாவது புதுப் பட்டதாரிகளுக்கு ஒரு படி மேலே, போனால், இளநிலை ஜிபிஏ பல விஷயங்களில் ஒன்றாகிவிடும். போக வேண்டும் என்று சொல்லவில்லை. நான் ஒருமுறை சொன்னதே போதும்.

கடைசி செமஸ்டர் மார்க் வந்ததும் ரெஸ்யூமேயில் அந்த ஜிபிஏ வரியை மாற்று. மொத்த ஜிபிஏவுக்குப் பக்கத்தில் துறைப் பாடங்களுக்கான ஜிபிஏவையும் போடு, எது எது என்று பெயரோடு. மாற்றியதை எனக்கு அனுப்பு. பேச இஷ்டமில்லை என்றால் ஃபைலை மட்டும் அனுப்பு.

அக்கா