செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது தாவர ஆர்வலர் மன்றத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆடி மாதம் மரக்கன்றுகள் வழங்கினோம். பள்ளி மாணவர்களுக்கு வினாடி வினா நடத்தினோம்.

இவ்வாண்டின் பெரும்பணி, நம் மதுரை வட்டாரத்து இயல்தாவரங்களில் காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவற்றைப் பெயரிட்டுப் பிரித்தது. நுணா, காரை, பாவட்டை, நத்தைச்சூரி எல்லாம் காப்பிக்கு உறவு என்றால் நம் உறுப்பினர்களே நம்புவதில்லை. எதிரெதிர் இலைகள், இரு காம்புகளுக்கும் நடுவே தண்டை ஒட்டிய இலையடிச்செதில், இதழ்களுக்குக் கீழே சூற்பை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

கடம்புதான் நாள்களைத் தின்றது. மீனாட்சியம்மன் கோயில் தலமரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடம்பு என்று கொண்டுவந்த கிளைகள் நான்கு மரங்களுடையவை. வெண்கடம்பு, நீர்க்கடம்பு, மஞ்சள்கடம்பு மூன்றும் காப்பிக் குடும்பம். பூக்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும். செங்கடம்பு வேறு குடும்பம். அதன் இலைகள் எதிரெதிராக அமையாது, சிவந்த பூக்கள் சரமாகத் தொங்கும். பழைய பதிவேட்டில் நான்கும் ஒரே வரியில் கிடந்தன, பிரித்தெழுதியிருக்கிறேன். நுணாவின் அறிவியல் பெயரை நூல்கள் மொரிண்டா டிங்க்டோரியா, மொரிண்டா பூபெசென்ஸ், மொரிண்டா கோரியா என்று பலவாறாகக் குறிக்கின்றன. மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்தேன். நம் காட்டுக் காப்பி அடங்கியிருந்த சைலாந்தஸ் பேரினம் 2011இல் காப்பியின் பேரினமான காஃபியாவோடு இணைக்கப்பட்டதால், அதன் பெயர் நம் பதிவேட்டில் இனி காஃபியா வைட்டியானா.

பட்டியல் எதற்கு, மரம் நட்டால் போதாதா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. கண்மாய்க்கரைக்கு நீர்க்கடம்பு கேட்டு, நாற்றங்காலில் கடம்பு என்று கொடுத்ததை நட்டோம். இலை விரிந்த பிறகுதான் அது வெண்கடம்பு என்று தெரிந்தது. கோடையில் பெரும்பாலானவை கருகிவிட்டன. பெயர் தெரியாமல் நட்டதன் விலை அது.

களப்பயணத்துக்கு வருவதாகக் கையெழுத்திட்டவர்கள் பலர். விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கு வந்தவர்கள் ஒரு சிலரே. சந்தா நிலுவையும் அப்படியே. உலர்த்திய தாவர மாதிரிகளை ஒட்டும் கெட்டித்தாளுக்குக் கூடப் பணமில்லாமல், பாவட்டையும் காரையும் இன்னும் செய்தித்தாள் மடிப்பிலேயே இருக்கின்றன. பூச்சி விழுந்தால் ஓராண்டு உழைப்பு போய்விடும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் உள்ளது. இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், பெயர்களைச் சரிபார்த்துத் தந்த பேராசிரியர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலர் பொறுப்பை யாரேனும் விரும்பி ஏற்றால் பதிவேட்டை மனநிறைவோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்றால், நிலுவைச் சந்தா பொங்கலுக்குள் வந்துசேர வேண்டும். களப்பயணத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும். சிறுசெடிகளின் பட்டியல் இன்னும் தொடங்கப்படவே இல்லை.

இவண்,
செயலர்