காலிக் கட்டத்துக்கு ஃபெயில்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் அமெரிக்க விமானிகளின் வேலைப் பதிவேடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் கடைசிப் பத்தியில் 'பதிவில் பிழை இருந்தால் விமானி கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகப் போன வருடம் ஐந்து மாதம் அலைந்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விமானி எந்தச் சோதனையில் தேறினார், எதில் தோற்றார் என்று வேலைக்கு எடுக்கும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் அந்தப் பதிவேட்டின் (பி.ஆர்.டி. என்பார்கள்) மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. 1994 டிசம்பரில் ராலே-டர்ஹம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பயணிகள் விமானம் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதன் கேப்டன் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் திறமை போதாது என்று பெயர் வாங்கியவர், புதிய கம்பெனி அதை விசாரிக்கவே இல்லை. அதன் பிறகுதான் 1996 சட்டம் வந்தது. 2009 பிப்ரவரியில் பஃபலோ விபத்தில் 50 பேர் போனார்கள், அந்த கேப்டனும் தான் தோற்ற தேர்வுகள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் சொல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்ததால் 2010-ல் மின்னணுப் பதிவேட்டுக்குச் சட்டம் போட்டார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. அதற்கான விதியை இறுதி செய்தது 2021-ல்! நடுவில், 2019-ல், நான் இருக்கும் ஹூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்த அட்லஸ் ஏர் சரக்கு விமானம் டிரினிட்டி பே என்ற விரிகுடாவில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த கோ-பைலட்டும் பழைய பயிற்சித் தோல்விகளை மறைத்தவர்தான், பதிவேட்டைத் தாமதப்படுத்தியதற்காக எஃப்.ஏ.ஏ.வையும் விசாரணை அறிக்கை குறை சொன்னது. ஆகவே பதிவேடு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2013-ல் ஒரு சின்ன சரக்குக் கம்பெனியில் கேரவன் என்ற சிறு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக் ஏர்மேன், அதாவது சோதனை செய்யும் விமானி, பக்கத்தில் உட்கார்ந்து சோதிப்பார். அந்தத் தடவை பாதியில் ஜெனரேட்டர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இரண்டு பேரும் பேசி இறங்கிவிட்டோம், இரண்டு நாள் கழித்து மிச்சத்தை முடித்தோம், பாஸ். அதற்கு அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்தச் சோதனை எனக்கு மறந்தே போயிருந்தது.

போன வருடம் ஒரு பெரிய ஏர்லைனுக்கு விண்ணப்பித்தேன். 'எப்போதாவது எந்தச் சோதனையிலாவது தோற்றதுண்டா' என்று கேட்டிருந்தார்கள், இல்லை என்று போட்டேன். நேர்முகத்தில் ஒரு அம்மா கணினியைப் பார்த்துக்கொண்டே, மிகவும் மரியாதையாக, "இந்தப் பதிலை மாற்றிச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பி.ஆர்.டி.யில் என் பதிவைத் திறந்தால், 2013-ல் திருப்தியற்றது, இரண்டு நாள் கழித்து மறுதேர்வில் தேர்ச்சி என்று இருக்கிறது.

இதில் உள்ள விஷத்தைப் பாருங்கள். ஒரு செக்ரைடில், அதாவது பறந்து காட்டும் சோதனையில், தோற்றது பெரிய குற்றமே இல்லை. ஒன்றிரண்டு தோற்றவர்கள் எத்தனையோ பேர் இன்று பெரிய விமானங்களின் கேப்டன்கள், நேர்முகத்தில் அதை ஒத்துக்கொண்டு என்ன கற்றேன் என்று சொன்னால் போதும். ஆனால் இல்லை என்று எழுதியவனுக்குப் பதிவில் தோல்வி இருந்தால் அவன் தோற்றவன் அல்ல, பொய்யன். எந்த மாதிரி ஆளை வடிகட்ட இந்தப் பதிவேட்டைக் கட்டினார்களோ, அச்சு அசலாக அந்த ஆள் மாதிரி நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

11 வருடத்துக்கு முந்தைய காகிதம் எப்படி உயிர் பெற்றது? 1996-ன் பழைய சட்டத்தில் முந்தைய கம்பெனி ஐந்து வருடப் பதிவைக் கொடுத்தால் போதும். புதிய விதி 2005 ஆகஸ்ட் வரை பின்னால் போகிறது, 2015-க்கு முந்தையவற்றை ஏற்ற 2024 செப்டம்பர் 9 கடைசி நாள். சின்னக் கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆளா இருக்கப்போகிறார்? பெட்டி பெட்டியாகக் காகிதத்தை எடுத்து யாரோ உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார்கள். ஏறிய பதிவு விமானிக்கு 99 வயது ஆகும் வரை அல்லது அவர் இறந்த செய்தி வரும் வரை அங்கேயே இருக்கும்.

பிழை என்று பி.ஆர்.டி. மூலமாகவே புகார் கொடுத்தேன். தவறு என்று தெரிந்தால் கம்பெனி 10 நாளில் திருத்த வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அது தகராறு, அதை விசாரிக்கக் கம்பெனி எழுத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும், 30 நாளுக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும். இது வரைக்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. விசாரிப்பது யார் தெரியுமா? பிழையை ஏற்றிய அதே கம்பெனி. யார் சொல்வது சரி என்று எஃப்.ஏ.ஏ. தீர்ப்பு சொல்லாது, 'இந்தப் பதிவு தகராறில் உள்ளது' என்று ஒரு குறிப்பு மட்டும் போடும். வழக்குப் போடலாம் என்றால், சட்டப்படி பதிவைக் கொடுத்த கம்பெனிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பொய் என்று தெரிந்தே கொடுத்தார்கள், அதைக் குற்றவியல் சட்டத்தை மீறி வைத்திருந்தார்கள் என்று இரண்டையும் நிரூபித்தால்தான் அந்தப் பாதுகாப்பு போகும். கவனக்குறைவுக்கு அங்கே இடமே இல்லை.

என் பழைய கம்பெனி அதற்குள் கைமாறிவிட்டது, சீஃப் பைலட் புது ஆள், எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. "காகிதத்தில் இருப்பதைத்தான் ஏற்றியிருக்கிறோம் சார்" என்றார். அப்படியானால் அந்தக் காகிதத்தை அனுப்புங்கள் என்றேன். ஆறு வாரம் கழித்து வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் பக்கத்தில் எஸ் (திருப்தி), யு (திருப்தியற்றது) என்று இரண்டு கட்டங்கள். முதல் பாதியில் எஸ் டிக் அடித்திருக்கிறது, பிற்பாதி முழுக்கக் காலி, கீழே கோணல் எழுத்தில் 'ஜெனரேட்டர், தொடரும்'. ஏற்றியவர் காலிக் கட்டங்களை யு என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதைச் சுட்டிக்காட்டிய பிறகும் "செக் ஏர்மேன் சொன்னால்தான்" என்றார்கள். அவர் ஓய்வு பெற்று எங்கோ ஏரிக்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், நல்ல மனுஷர், நினைவு வைத்திருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்த விமானத்தை இப்போது வைத்திருப்பவரிடம் கெஞ்சிப் பராமரிப்பு லாக்புக்கில் ஜெனரேட்டர் மாற்றிய பக்கத்தையும் வாங்கினேன். என் சொந்த லாக்புக்கில் அன்றைக்கு நான் எழுதியது பறந்த நேரம் '0.7' மணி என்று மட்டும். காரணம் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

பதிவு திருத்தப்பட்டது. மன்னிப்பு எல்லாம் கிடையாது. அந்த ஏர்லைன் அதற்குள் அந்தப் பயிற்சி வகுப்புக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டது, மறுபடி விண்ணப்பியுங்கள் என்றது.

எனக்கு அதிர்ஷ்டம், செக் ஏர்மேன் உயிரோடு இருந்தார். கம்பெனி திவாலாகியிருந்தால் கடன்களைத் தீர்க்க நியமித்த டிரஸ்டியிடம் போய் 2013 ஜெனரேட்டரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஆவணத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல, கம்பெனியும் இல்லாத விமானியும் இல்லாத ஒரு மூன்றாவது ஆள் எஃப்.ஏ.ஏ.விலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எல்லாப் பதிவுக்கும் தேவையில்லை, தகராறில் நிற்பவற்றுக்கு மட்டும் போதும்.

உங்கள் வாசகர்களில் இங்கே பறக்கும் பிள்ளைகளோ அவர்களைப் பெற்றவர்களோ இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பி.ஆர்.டி.யைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. பாதியில் நின்ற சோதனை ஏதாவது இருந்தால் அன்றைய படிவத்தின் நகலையும் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம், மறு விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

— ஒரு வாசகர், ஹூஸ்டன்